வீட்டு வாணவேடிக்கையை ரிமோட்டில் நடத்துவது எப்படி?

கேள்வி: வீட்டு விசேஷத்துக்கு நாங்களே சின்னதாக ஒரு வாணவேடிக்கை நடத்தலாம் என்று இருக்கிறோம். ஒவ்வொன்றாக ஓடிப்போய்க் கொளுத்தாமல் ரிமோட்டில் பற்றவைக்கும் கருவியை வாங்கலாமா? எப்படி அமைப்பது? எத்தனை சேனல் வேண்டும்?

பதில்:

தாராளமாக வாங்கலாம். குனிந்து திரியில் நெருப்பு வைத்துவிட்டுத் திரும்பி ஓடும் அந்தச் சில வினாடிகளில்தான் பாதி விபத்துகளுக்கு வாய்ப்பு இருக்கிறது. ரிமோட் வந்தால் அந்த வேலையே இல்லை. ஆனால் அது செய்வது அவ்வளவுதான். சாய்ந்து நிற்கும் பட்டாசுப் பெட்டியை நிமிர்த்தி வைக்காது, காற்று திசை மாறினால் சொல்லாது. கையில் பட்டன் வந்ததும் பலருக்குத் துணிச்சல் கூடிவிடுகிறது, பொருள்களை நெருக்கமாக அடுக்குகிறார்கள், ஜனங்களை முன்னால் உட்கார வைக்கிறார்கள்.

நானும் வீட்டு விசேஷங்களுக்கு ரிமோட்டில்தான் நடத்துகிறேன். எல்லா முடிவுக்கும் நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அடுக்கி வைத்த அத்தனையும் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டால் என்ன ஆகும்? அப்படி ஆனாலும் ஒருவருக்கும் கீறல் விழாது என்றால் சரி, இல்லையென்றால் இன்னும் தள்ளி வைக்க வேண்டும், அல்லது குறைக்க வேண்டும்.

இது வீண் பயம் என்று நினைக்காதீர்கள். 2012 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் சான் டியாகோவில், வளைகுடா நீரில் படகுகளில் அடுக்கி வைத்திருந்த பெரிய வாணவேடிக்கை முழுவதும் கணினிக் கோளாறால் அரை நிமிடத்துக்குள் மொத்தமாக வெடித்துத் தீர்ந்தது. பதினைந்து நிமிடங்களுக்கு மேல் ஓட வேண்டிய காட்சி அது. முந்தைய ஆண்டு ஸ்காட்லாந்தின் ஓபன் நகரிலும் இதே போல ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துபோனது. தொழில்முறை ஆட்கள், விலையுயர்ந்த கருவிகள், அப்படியும் நடந்தது. சான் டியாகோவில் யாருக்கும் காயம் இல்லை. காரணம் தூரம்தான்.

முதலில் சட்டம். பட்டாசு எங்கே, எந்த நேரத்தில் வெடிக்கலாம், மின்சாரத்தில் பற்றவைக்கலாமா என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் ஊரில் விசாரித்துக்கொண்டு இறங்குங்கள்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கையில் ஒரு ரிமோட், பட்டாசுப் பக்கம் ஒரு ரிசீவர். ரிசீவரில் ஒவ்வொரு சேனலுக்கும், அதாவது ரிமோட்டின் ஒவ்வொரு பட்டனுக்கும், இரண்டு முனைகள், அதிலிருந்து ஒயர் போய் ஒரு சின்ன பிளாஸ்டிக் கிளிப்பில் முடியும். கிளிப்பைத் திறந்து பார்த்தால் தாடைக்கு நடுவே முடி போல மெல்லிய நிக்ரோம் கம்பி தெரியும். பட்டனை அழுத்தியதும் கம்பி சிவந்து, கவ்விப் பிடித்திருக்கும் திரி பற்றிக்கொள்ளும். உடனே வெடிக்காது. கம்பி சூடேற ஒன்றிரண்டு வினாடி, பிறகு மிச்சத் திரி எரிய இன்னும் சில வினாடி. கடைப் பட்டாசின் பச்சைத் திரி ஏறத்தாழ வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் எரியும். முதல் முறை பட்டனை அழுத்தும் எல்லோரும் ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று இன்னொரு முறை அழுத்துவார்கள். பொறுங்கள்.

கிளிப்பைத் திரியின் நுனியில் மாட்டாதீர்கள், நழுவிவிடும். நடுவில் மாட்டுங்கள், கம்பி திரியைக் குறுக்காகத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். திரியை மடக்கி நொறுக்க வேண்டாம், உள்ளே இருக்கும் மருந்து உடைந்தால் பாதியில் அணைந்துபோகும். சீக்கிரம் வெடிக்கட்டும் என்று சிலர் திரியை வெட்டிக் குட்டையாக்குவார்கள். அது கூடவே கூடாது. திரியின் நீளம்தான் நமக்கு இருக்கும் அவகாசம். திரியே இல்லாமல் நேரடியாக மருந்தைப் பற்றவைக்கும் மின் தீக்குச்சிகளும் உண்டு. அவை கண நேரத்தில் பற்றும், பல நாடுகளில் உரிமம் உள்ளவர்களுக்கு மட்டும்தான். கிளிப் போதும், வீட்டிலேயே எதையாவது செய்து பார்க்கும் ஆசையும் வேண்டாம்.

அடுத்து பேட்டரி. ரிசீவரில் ஒயர் சரியாக இணைந்திருக்கிறதா என்று காட்ட ஒரு சின்ன விளக்கு இருக்கும். அது எரிந்தால் எல்லாம் சரி என்று நம்பிவிடக் கூடாது. விளக்கு எரியத் துளி மின்சாரம் போதும், கம்பி சிவக்க அதைவிடப் பல மடங்கு வேண்டும். சோர்ந்த பேட்டரியில் விளக்கு அழகாக எரியும், பட்டனை அழுத்தினால் கம்பி வெதுவெதுப்போடு நின்றுவிடும். திரி லேசாகக் கருகி, பற்றியதா இல்லையா என்று தெரியாத நிலை வரும். அதைவிட மோசமான நிலை வேறு இல்லை. அதனால் அன்றைக்கென்று புது ஆல்கலைன் பேட்டரி போடுங்கள், ரிமோட்டுக்கும் சேர்த்து.

ரிமோட் எட்டும் தூரம் என்று பெட்டியில் போட்டிருப்பது வெட்டவெளிக் கணக்கு. ரிசீவர் தரையோடு தரையாக, புல்லுக்குள் கிடந்தால் பாதி கூட எட்டாது. ஒரு செங்கல்லின் மேலோ ஸ்டூலின் மேலோ வைத்து, ஆன்டெனாவை நிமிர்த்திவிடுங்கள். மலிவான கருவிகளில் பல, மற்ற எத்தனையோ வீட்டு ரிமோட்டுகள் பேசும் அதே 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் பேசுகின்றன. வேறொரு ரிமோட்டால் தவறிப் பற்றிவிடாமல் இருக்க, சாவி போட்டுத் திருப்பினால்தான் உயிர் வரும் வகையாகப் பார்த்து வாங்குவது நல்லது. விசேஷத்துக்கு முதல் நாளே, பட்டாசு எதையும் இணைக்காமல், நீங்கள் நிற்கப்போகும் இடத்திலிருந்து ஒவ்வொரு சேனலையும் அழுத்திப் பாருங்கள்.

சரி, இனி தரை வேலை. இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். பல ஷாட் போகும் பெட்டி வகைதான் வீட்டுக் காட்சிக்கு முதுகெலும்பு, அதில்தான் ஆபத்தும். ஒவ்வொரு ஷாட் கிளம்பும்போதும் பெட்டியைக் கீழ்நோக்கி உதைக்கும். மெத்தென்ற புல்தரையில் உதை வாங்க வாங்கப் பெட்டி ஒரு பக்கம் சாயும், கடைசி ஐந்தாறு ஷாட் கூட்டத்தைப் பார்த்துக் கிளம்பும். கையால் பற்றவைத்தாலும் இதே ஆபத்துதான், ரிமோட்டிலும் ஆரம்பித்த பெட்டியை நிறுத்தப் பட்டன் கிடையாது. ஆகவே அடியில் கனமான பலகை, நாலு பக்கமும் மணல் மூட்டை அல்லது செங்கல். கையால் உலுக்கிப் பாருங்கள், அசையக் கூடாது. ஒயரைத் தடுக்கி யாராவது இழுத்தாலும் பெட்டி கவிழாதபடி, ஒயரை ஒரு கல்லில் சுற்றித் தளர்வாக விடுங்கள்.

பெட்டிகளுக்கு நடுவே நல்ல இடைவெளி வேண்டும். பக்கத்துப் பெட்டியின் பொறி விழுந்து அடுத்தது முறை தவறிப் பற்றுவது சர்வ சாதாரணம். மேலே அலுமினியத் தாளை ஒற்றைப் படலமாக மூடி, திரி மட்டும் வெளியே தெரிய விட்டால் பொறியும் பனியும் உள்ளே போகாது. ஷாட் அதைத் துளைத்துக்கொண்டு போய்விடும். குழாயில் தனித்தனியாகக் குண்டு போட்டு ஏவும் வகை என்றால், அதோடு வரும் குழாயை மட்டும் பயன்படுத்துங்கள். வீட்டில் கிடக்கும் பிவிசி பைப் வெடித்தால் சில்லாகத் தெறிக்கும்.

ராக்கெட்டை நான் சேர்ப்பதில்லை. மேலே போகும்போது காற்றை எதிர்த்துத் தலை திருப்பும், எரிந்து முடிந்த குச்சி காற்றோடு மிதந்து வேறெங்கோ விழும். எங்கே விழும் என்று சொல்ல முடியாத பொருளுக்கு என் அளவுகோலில் இடம் இல்லை.

தூரம் எவ்வளவு என்றால், பெட்டியில் அச்சிட்டிருப்பதற்குக் குறையவே கூடாது. ஐரோப்பிய நாடுகளில் தோட்டத்துக்கான எஃப்2 வகைக்கு 8 மீட்டர், திறந்தவெளிக்கான எஃப்3 வகைக்கு 15 மீட்டர் என்று குறைந்தபட்ச தூரம் வைத்திருக்கிறார்கள். இது எல்லாம் ஒழுங்காக நடந்தால். நான் இடம் இருக்கும் அளவுக்குக் கூட்டிக்கொண்டே போவேன். ஜனங்களின் முதுகுப் பக்கமிருந்து பட்டாசை நோக்கிக் காற்று அடிக்க வேண்டும். மரம் ஆடும் அளவுக்குக் காற்று என்றால் தள்ளிப்போடுங்கள், சொந்தக்காரர்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

ஒயர் மாட்டும் வரிசையை மாற்றாதீர்கள். பெட்டிகளை நிறுத்தி அசையாமல் செய்த பிறகு கிளிப். கிளிப் மாட்டும்போது ரிசீவர் அணைந்திருக்க வேண்டும், ரிமோட்டின் பேட்டரி மாட்டுகிறவரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும். குழாய்களின் மேல் முகத்தை நீட்டாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து வேலை செய்யுங்கள். எல்லோரும் விலகிய பிறகு ஒருவர் மட்டும் போய் ரிசீவரை ஆன் செய்துவிட்டு வரவேண்டும். அதற்கு அப்புறம் யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது, கண்ணாடியை மறந்து வைத்திருந்தாலும் சரி.

ஒன்று பற்றவில்லை என்றால்? அடுத்ததற்குப் போங்கள். காட்சிக்கு நடுவில் யாரும் போய்ப் பார்க்க வேண்டாம். எல்லாம் முடிந்து அரை மணி நேரம் கழித்து, பக்கவாட்டில் அணுகி, ரிசீவரை அணைத்து, வாளித் தண்ணீரை ஊற்றி, பிறகு முழுதாகத் தண்ணீரில் மூழ்க வைத்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள். மறுபடி கொளுத்திப் பார்க்கும் ஆசை எல்லா வீட்டிலும் ஒரு மாமாவுக்கு வரும், அவர் கையில் வாளியைக் கொடுத்துவிடுங்கள். காலை வெளிச்சத்தில் புல்லுக்குள் எரியாத கருப்பு மருந்து உருண்டைகள் கிடக்கிறதா என்று பார்த்த பிறகே குழந்தைகளை விடலாம்.

காட்சி அழகைப் பற்றி ஒரு வார்த்தை. வரிசையாகப் பட்டனை அழுத்தித் தள்ளினால் இரண்டாவது நிமிடமே புகை மண்டி ஒன்றும் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் நடுவே புகை கலைய இடைவெளி விடுங்கள். நீலம் இருக்கும் பெட்டியை முதலிலேயே வைத்துவிடுங்கள். தாமிர உப்பில் வரும் அந்த நிறம் கொஞ்சம் சூடு ஏறினாலே வெளுத்துப்போகும், இருப்பதிலேயே மங்கல் அதுதான், புகைக்குள் காணாமல் போகும். சிவப்பும் பச்சையும் எப்போது விட்டாலும் தெரியும். இடைவெளியை நிரப்பப் புஸ்வாணம் நன்றாக இருக்கும், அதன் புகை தாழ்வாகவே நிற்கும்.

சேனல் எத்தனை என்று கேட்டிருந்தீர்கள். முதல் தடவைக்கு நாலு சேனல் கருவி போதும். நாலு நல்ல பெட்டியை இடைவெளி விட்டு விட்டால் ஐந்து நிமிடக் காட்சி வந்துவிடும். பன்னிரண்டு சேனல் வாங்கினால் பன்னிரண்டையும் நிரப்பத்தான் கை போகும், அத்தனைக்கும் உங்களிடம் இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள்.