குழாயில் மோட்டார் போடக் கூடாதாம். தெருக் கடைசி வீடு என்ன செய்வது?

கேள்வி: சாயல்குடிக்குத் தெற்கே ஒரு கடலோரக் கிராமத்தில் இருக்கிறோம். வீட்டில் ஐந்து பேர், நான்கு ஆடுகள். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்துகொண்டிருந்த காவிரித் தண்ணீர், சித்திரை பிறந்ததிலிருந்து மூன்று நாளைக்கு ஒருமுறை, அதுவும் முக்கால் மணி நேரம்தான் வருகிறது. குழாயில் மோட்டார் போட்டால் இணைப்பைத் துண்டிப்போம், செடிக்கு ஊற்றவோ வண்டி கழுவவோ கூடாது என்று ஊராட்சியில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லிவிட்டார்கள். எங்கள் வீடு தெருக் கடைசியில். ஆறு குடம் நிறைவதற்குள் தண்ணீர் நின்றுவிடுகிறது. முதல் குடம் உப்புக் கரிக்கிறது. இப்படிக் கட்டுப்பாடு போட அவர்களுக்கு அதிகாரம் உண்டா? பேசாமல் ஆழ்துளைக் கிணறு போட்டுவிடலாமா? – ஒரு வாசகி

பதில்: அதிகாரம் உண்டு அம்மா. குடிநீர் கொடுப்பது தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 கிராம ஊராட்சியின் மேல் வைத்திருக்கும் கடமை. இருக்கிற தண்ணீரை முறை வைத்துப் பங்கிடுவதும் அந்தக் கடமைக்குள் வருகிறது. செடி, வண்டி பற்றிய தடையில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. திருச்சிக் காவிரியில் எடுத்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் குழாயில் தள்ளிக் கொண்டுவரும் தண்ணீரை வண்டிச் சக்கரத்தில் ஊற்றுவதற்கு யாரும் வாதாட மாட்டார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது மோட்டார் தடையை. அது உங்களைத் தண்டிக்க வந்த விதிபோலத் தோன்றுகிறது. உண்மையில் அந்த ஊரில் உங்கள் வீட்டுக்குச் சாதகமாக இருக்கும் ஒரே விதி அதுதான்.

தண்ணீர் விடும் நேரத்தில் தெரு முனையிலிருந்து உங்கள் வீடு வரை ஒருமுறை நடந்து பாருங்கள். மோட்டார் இரைச்சல் காதில் விழும். நான் குடிநீர்த் திட்டப் பணியில் இருந்த காலத்தில் ஒரு வீட்டில் மோட்டாரின் மேல் நனைந்த சாக்கைப் போர்த்தி, ரேடியோவையும் உரக்க வைத்திருந்தார்கள். காலை ஆறு மணிக்கு அவ்வளவு சத்தமாக யார் பக்திப் பாடல் கேட்பார்கள் என்று உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் சங்கதி தெரிந்தது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் தன் எடையால் இறங்கி வருகிறது. வழியில் நான்கு வீடுகள் மோட்டார் வைத்து உறிஞ்சினால், அதற்கு அப்பால் குழாயில் தண்ணீர் இருக்காது; வெற்றிடம்தான் இருக்கும். நீங்களும் ஒரு மோட்டார் வாங்கிப் போட்டால் காற்றைத்தான் இழுப்பீர்கள்.

அந்த வெற்றிடத்தில்தான் முதல் குடத்து உப்பும் இருக்கிறது. உங்கள் பகுதியில் நிலத்தடி நீர் ஆழமில்லாமல் மேலேயே நிற்கும், அதுவும் உவர்ப்பாக. குழாயின் ஒட்டு ஏதாவது ஓரிடத்தில் நெகிழ்ந்திருந்தால், தண்ணீர் ஓடும்போது நல்ல தண்ணீர் வெளியே கசியும். குழாய் காலியாகி உள்ளே இழுவிசை உண்டானால் மண்ணிலிருக்கும் உப்புத் தண்ணீர் உள்ளே வரும். பக்கத்தில் சாக்கடை இருந்தால் அதுவும் வரும். தண்ணீர் ஏறவில்லை என்று குழாயடியில் பள்ளம் தோண்டி, தரைக்குக் கீழே குழாயை வெட்டிக் குடம் வைத்துப் பிடிக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. உங்கள் வீட்டிலும் அப்படி இருந்தால் முதலில் அதை மூடுங்கள். தண்ணீர் நின்றபின் பள்ளத்தில் தேங்கியது அதே வாய் வழியாகக் குழாய்க்குள் திரும்பிப் போகும். அடுத்த முறை உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் அதுதான் முதல் குடமாக வரும்.

ஆகவே முதல் இரண்டு குடங்களைக் குடிக்க வைக்காதீர்கள். கழிப்பறைக்கோ பாத்திரம் துலக்கவோ ஒதுக்கிவிடுங்கள். மூன்றாவது குடமும் கரித்தால் கசிவு பக்கத்தில்தான் இருக்கிறது. குழாய் போகும் வழியில், இந்தக் கோடையிலும் புல் பச்சையாக நிற்கும் இடத்தைத் தேடிப் பிடித்துத் தொட்டி இயக்குநரிடம் காட்டுங்கள். இன்னொரு சோதனையும் இருக்கிறது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பயிற்சி கொடுத்து, சோதனைப் பெட்டியும் வழங்க வேண்டும். உங்கள் ஊரில் அது யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். கிருமி கொல்லத் தண்ணீரில் கலக்கும் குளோரின், குழாய் நுனியில்கூட லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிஞ்சியிருக்க வேண்டும். தெரு முனை வீட்டில் அது இருந்து உங்கள் வீட்டில் இல்லையென்றால், இடையில் ஏதோ கலக்கிறது என்று எண்ணிக்கொள்ளலாம். அது சரியாகும் வரை குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது.

இனி ஊராட்சியிடம் நீங்கள் கேட்க வேண்டிய கணக்கு. ஜல் ஜீவன் திட்டம் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறது. ஐந்து பேருக்கு 275. மூன்று நாளைக்கு 825 லிட்டர். குடம் 15 லிட்டர் என்றால் 55 குடம். உங்களுக்குக் கிடைப்பது ஆறு குடம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 லிட்டர்! குடிக்கவும் உலை வைக்கவுமே அது சரியாகப் போய்விடும்.

ஒலிபெருக்கியில் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்: தெருவில் ஒரு மோட்டார்கூட இல்லையென்றாலும் முக்கால் மணி நேரத்தில் 55 குடம் பிடிக்க முடியாது. வீட்டுக் குழாயில் நல்ல வேகத்தில் வந்தாலும் ஒரு குடம் நிறைய ஒன்றரை நிமிடமாவது ஆகும். 45 நிமிடத்துக்கு 30 குடம். மோட்டாரைப் பிடுங்கினால் மட்டும் பிரச்சினை தீராது, நேரத்தையும் கூட்ட வேண்டும். ஊரின் எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் திறந்துவிடுவதற்குப் பதில், வால்வு வைத்துத் தெருக்களை இரண்டாகப் பிரித்து, இன்று கிழக்குத் தெரு, நாளை மேற்குத் தெரு என்று விடலாம். தொட்டியில் இருக்கும் தண்ணீர் அதேதான். ஆனால் பாதி வீடுகளுக்கு மட்டும் போவதால் அழுத்தம் கடைசி வரை நிற்கும்.

இதை வாயால் சொன்னால் எடுபடாது. ஒரு நோட்டும் கைக்கடிகாரமும் போதும். அடுத்த மூன்று முறை தண்ணீர் விடும்போது, முதல் வீட்டில் ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம், உங்கள் வீட்டில் எவ்வளவு, எப்போது வந்தது, எப்போது நின்றது என்று எழுதுங்கள். மே 1 அன்று கிராம சபை கூடும். நோட்டோடு போய், தெரு வாரியான நேரப் பட்டியலைத் தீர்மானமாக எழுதி ஊராட்சிப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். மோட்டார் தடையும் அதே தீர்மானத்தில் வரட்டும். எழுத்தில் இருந்தால்தான் பெரிய வீட்டுக்கும் சின்ன வீட்டுக்கும் ஒரே விதி. அங்கே நடக்கவில்லையென்றால் வட்டார வளர்ச்சி அலுவலர், அதன் பிறகு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டம். தேதி போட்ட மூன்று பக்கக் கணக்கைக் கையில் வைத்திருப்பவரை யாரும் எளிதில் திருப்பி அனுப்ப முடியாது.

மோட்டாரே வைக்கக் கூடாதா என்றால், வைக்கலாம். குழாயில் நேரடியாக வைப்பதுதான் தவறு. தண்ணீர் தானாக வந்து விழும் உயரத்தில் ஒரு தொட்டி வைத்து, அதிலிருந்து மாடிக்கு ஏற்றிக்கொண்டால் அடுத்த வீட்டுக்கு நட்டமில்லை. ஊராட்சியிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கடலோரத்தில் தரைக்கடியில் சிமெண்டுத் தொட்டி கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உப்பு, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைச் சில ஆண்டுகளில் துருப்பிடித்து ஊதவைத்துவிடும். விரிசல் விட்டதும் மழைக்காலத்தில் உவர் நீர் உள்ளே ஊறும். தரையில் வைக்கும் பிளாஸ்டிக் தொட்டியே போதும். மூன்று நாள் தேக்குவதால் கொசுவுக்கு மூடி அவசியம். வாரம் ஒருமுறை காலி செய்து உட்சுவரை நாரால் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குக் கொசு முட்டையைத் தண்ணீர் மட்டத்தை ஒட்டிச் சுவரில்தான் இடும். வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் முட்டை காய்ந்தபடி காத்திருந்து, அடுத்து நிரப்பும்போது பொரிக்கும்.

ஆழ்துளைக் கிணறு? வேண்டாம். 300 அடி போட்டால் நல்ல தண்ணீர் என்று சொல்லும் ஆள் உங்கள் வீட்டுக்கும் வந்திருப்பார் என்று நினைக்கிறேன். மதுரைப் பக்கம் ஆழம் போனால் தண்ணீர் கிடைக்கலாம். மணற்கரையில் கதையே வேறு. மழைநீர் எடை குறைந்தது, உப்புநீர் எடை கூடியது. மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது, மோரின் மேல் வெண்ணெய்போல. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை அது இறங்கியிருக்கும் என்பது கணக்கு. தலைகீழாகவும் இதைப் படிக்க வேண்டும்: மோட்டார் போட்டு மேல்மட்டத்தை ஓரடி இறக்கினால், அடியிலிருக்கும் உப்பு 40 அடி மேலேறப் பார்க்கும். ஆழ்துளைக் குழாய் நேராக உப்புக்குள்தான் வாய் வைக்கிறது.

உங்கள் பாட்டிமார் இதைப் படிக்காமலே அறிந்திருந்தார்கள். கடற்கரை மணலில் கையால் ஊற்றுத் தோண்டி, சுரக்கச் சுரக்கச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றினார்கள். அவசரப்பட்டு அள்ளினால் கலங்கும், கரிக்கும். ராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில் வில்லூண்டித் தீர்த்தம் கடலுக்குள்ளேயே நல்ல தண்ணீராக இருப்பதை நீங்களும் பார்த்திருக்கலாம்.

உப்புத் தண்ணீரை எடுத்து வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் சுத்தம் செய்துகொள்ளலாம் என்றும் சிலர் சொல்வார்கள். பக்கத்து நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்க நாளொன்றுக்கு 38 லட்சம் லிட்டர் திறனில் ஆலையே அமைத்தார்கள். அது வேறு அளவு, வேறு இயந்திரம். வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் உப்பு வரைதான் தாங்கும். அதற்கு மேல் போனால் சவ்வு சீக்கிரம் கெடும். உள்ளே போகும் தண்ணீரில் பெரும்பகுதியைக் கழிவாக வெளியேயும் தள்ளும். காவிரித் தண்ணீருக்கு அந்தக் கருவி தேவையே இல்லை.

கிணற்றுக்கு வைத்திருக்கும் பணத்தில் இன்னொரு 1,000 லிட்டர் தொட்டி வாங்கிக் கூரைத் தண்ணீருக்கு வையுங்கள். மழைநீர்ச் சேகரிப்பு 2003இலிருந்தே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். பல வீடுகளில் அது வெறும் குழாயாகச் சுவரில் தொங்குகிறது. 400 சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் சிந்தியது போக 1,400 லிட்டருக்கு மேல் தேறும். ஐப்பசி, கார்த்திகையில் அப்படிப் பல மழை பிடிக்கலாம். முதல் மழையை மட்டும் விட்டுவிடுங்கள். கடற்காற்று கொண்டுவந்து படியவைத்த உப்பும் பறவை எச்சமும் அதில்தான் இறங்கும்.

கோடை முடியும் வரைக்கும் ஒரு பங்கீடு: குழாய்த் தண்ணீர் குடிக்க, சமைக்க, கடைசியாக ஒருமுறை மேலுக்கு ஊற்றிக்கொள்ள. மற்றதெல்லாம் ஊர்க் கிணற்று உப்புத் தண்ணீரில் நடக்கட்டும். சோப்பு நுரைக்காது, பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். தென்னை அந்தத் தண்ணீரைத் தாங்கும், கறிவேப்பிலை தாங்காது. அரிசி கழுவிய தண்ணீரைக் கழுநீர்ப் பானையில் சேர்த்து ஆடுகளுக்கு வையுங்கள். கறவை மாட்டைவிட ஆடு கொஞ்சம் உப்பைப் பொறுக்கும், ஆகவே கிணற்றுத் தண்ணீரைக் கலந்தும் கொடுக்கலாம்; குடிக்காமல் முகத்தைத் திருப்பினால் கலப்பைக் குறையுங்கள்.

வால்வு வைக்க ஊராட்சி ஒப்புக்கொண்டால், முதல் நாள் தொட்டி இயக்குநர் அதைத் திருப்பும்போது நீங்களும் கூடப் போங்கள். எத்தனை சுற்றுத் திறந்தபோது உங்கள் வீட்டுக் குழாயில் ஒன்றரை நிமிடத்தில் குடம் நிறைந்தது என்று அந்த நோட்டிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.