அரச சேவைகள் கணினிமயமாகும் முன் வன்னிக் குடும்பங்கள் சரிசெய்ய வேண்டியவை

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமமொன்றில் வசிக்கிறோம். இன்னும் சில ஆண்டுகளில் அரச அலுவல்கள் எல்லாம் ஒன்லைனில்தான் நடக்கும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் ஸ்மார்ட் போன் ஒன்றுதான் உண்டு, அதுவும் மகனிடம். என்னுடைய பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் இருக்கிறது. தாயாரின் பத்திரங்கள் அனைத்தும் 2009-இல் தொலைந்துவிட்டன. இப்போதே நாங்கள் என்ன செய்து வைக்க வேண்டும்?

பதில்: போன் இல்லாததைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், அதற்கு வழி உண்டு. உங்கள் கேள்வியில் உண்மையில் அவசரமானவை பெயர் வேறுபாடும் தாயாரின் பத்திரங்களுமே. இதுவரை இத்தகைய சிக்கல்கள் பெரிதாகாமல் இருந்ததற்குக் காரணம், உங்களை முகம் பார்த்து அறிந்த கிராம அலுவலர் ஒருவர் "இரு பெயர்களும் இவரையே குறிக்கும்" என்று உறுதிப்படுத்திக் கடிதம் தரக்கூடியவராக இருந்ததே. பிறப்புப் பதிவு, அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, நலன்புரிக் கொடுப்பனவு ஆகியவை கணினியில் ஒன்றோடொன்று இணைக்கப்படும்போது, "சிவகுமார்" என்பவரும் "சிவகுமாரன்" என்பவரும் அந்த இயந்திரத்துக்கு இரு வேறு ஆட்களாகிவிடக்கூடும்.

இதன் முன்னோட்டத்தை நாம் ஏற்கெனவே கண்டிருக்கிறோம். 2023-இல் சமுர்த்தி என்ற நலன்புரிக் கொடுப்பனவுக்குப் பதிலாக அஸ்வெசும என்ற புதிய கொடுப்பனவுத் திட்டம் வந்தபோது, குடும்பங்களின் விவரங்கள் திரட்டப்பட்டு, தகுதி புள்ளிகளின் அடிப்படையில் கணிக்கப்பட்டது. பெயர் விடுபட்டவர்கள் பிரதேச செயலகத்துக்குச் சென்றபோது, பட்டியலை அங்கிருந்த உத்தியோகத்தர் தாமாக மாற்ற முடியவில்லை. குறித்த திகதிக்குள் மேன்முறையீடு செய்வதொன்றே வழியாக இருந்தது. இனி வரும் சேவைகள் பலவும் இவ்வாறே அமையும் என்பது என் கணிப்பு. இந்திய அரசின் நன்கொடையுதவியுடன் உருவாக்கப்படும் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டத்தில் கைரேகை, கருவிழி, முகம் ஆகியவற்றின் பதிவுகளும் சேரவுள்ளன. இந்தியாவின் ஆதார் நடைமுறையில், உழைத்துத் தேய்ந்த கைகளின் ரேகைகளைக் கருவி அடையாளங்காணத் தவறிய நிகழ்வுகள் ஏராளம். மண்வெட்டி பிடித்தே காலம் கழித்த நம் ஊர் முதியவர்களுக்கும் இது நேரலாம். ஆகவே பதிவின்போது கருவிழிப் பதிவு ஒழுங்காக எடுக்கப்பட்டதா என்று நீங்கள் கேட்டு உறுதிசெய்ய வேண்டும்.

மனித உதவியும் குறைந்துகொண்டே போகிறது. அரச ஊழியரின் ஓய்வு வயது 65-இலிருந்து 60-ஆகக் குறைக்கப்பட்டதால், 2022-இன் இறுதியில் அனுபவமிக்க உத்தியோகத்தர்கள் பெருந்தொகையில் ஒரே நேரத்தில் விலகினர். அதே ஆண்டு ஜூனில், சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து ஆண்டுகள் வரை வெளிநாடு செல்லவும் அனுமதி வழங்கப்பட்டது. வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் தேர்தல் நடைபெறவில்லை என்பதால், வெற்றிடங்களைப் பற்றிச் சபையில் கேள்வி எழுப்ப மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர் ஒருவரும் இல்லை. இது எனக்கு மிகுந்த வேதனை தரும் நிலைமை.

எனவே முதலில், குடும்பத்தில் ஒவ்வொருவருடைய பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், காணி அனுமதிப்பத்திரம் ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர், முதலெழுத்து, பிறந்த திகதி ஆகியவற்றை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பெரும்பாலான ஆவணங்களில் உள்ள வடிவத்தையே நிலையான பெயராகத் தீர்மானியுங்கள். பிறப்புப் பதிவில் திருத்தம் வேண்டுமெனில் பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடமும், அடையாள அட்டையில் எனில் கிராம அலுவலர் ஊடாகவும் விண்ணப்பிக்க வேண்டும். பெர்மிட் காணியாயின் (அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த காணி) பின்னுரித்தாளர், அதாவது உரிமையாளருக்குப் பின் அதைப் பெறுபவர், பெயர் பதியப்பட்டுள்ளதா என்பதையும் அதே பயணத்தில் பாருங்கள். பெர்மிட் தாத்தாவின் பெயரிலேயே நின்றுபோன காணிகள் வன்னியில் மிக அதிகம்.

கடதாசிப் பிரதிகளைக் கைவிட வேண்டாம். 2023-இல் அரசின் இணைய மேகச் சேமிப்பு மீது நடந்த கப்பம்கோரும் வைரஸ் தாக்குதலில், அரச மின்னஞ்சல் கணக்குகள் சுமார் 5,000-இல் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் மீட்க முடியாமல் அழிந்தன. அக்காலத்துக்கான மறுபிரதி இருக்கவில்லை. கடதாசிக்கும் இங்கே ஆபத்துண்டு. 2018 டிசம்பர் வெள்ளத்தையும் 2025 நவம்பரின் டித்வா புயலையும் கண்ட மாவட்டங்கள் நமது மாவட்டங்கள். அத்தாட்சிப்படுத்திய பிரதிகளை நீர் புகாத உறையிலிட்டு, ஒரு தொகுதியை மேட்டுநிலத்திலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள்.

ஒன்லைன் விண்ணப்பத்துக்காகக் கொமியூனிகேஷன் கடைக்குப் போவதில் தவறில்லை. ஆனால் அங்கே விண்ணப்பத்தில் கடைக்காரரின் தொலைபேசி இலக்கத்தைப் போட விடக்கூடாது. பின்னர் வரும் இரகசியக் குறியீடும் அறிவித்தலும் அவரிடமே போய்ச் சேரும். மகனின் இலக்கத்தைக் கொடுத்து, அந்த இலக்கத்தை மாற்றாமல் வைத்திருங்கள். அடையாள அட்டையின் படத்தைக் கடைக் கணினியிலிருந்து உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள். சேவை பற்றிய விளக்கத்துக்கு 1919 இலக்கத்தில் தமிழிலேயே பேசலாம்.

விண்ணப்பம் மாதக்கணக்கில் அசையாவிட்டால், 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், அது எந்த நிலையில் உள்ளது, ஏன் தாமதம் என்று தமிழில் எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் தர வேண்டும்.

தாயாரின் அலுவலை எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்யுங்கள். பிறப்புப் பதிவு கணினியில் ஏற்றப்பட்டிருந்தால், பதிந்த இடம் வேறாயினும் அருகிலுள்ள பிரதேச செயலகத்திலேயே பிரதி கிடைக்கலாம். பதிவே அகப்படாவிட்டால் காலங்கடந்த பதிவு அல்லது உத்தேச வயதுச் சான்றிதழ் பெற வேண்டும். அதற்குப் பாடசாலைச் சேர்வுப் பதிவேடு, தேவாலய ஞானஸ்நானப் பதிவு, தாயாரின் பிறப்பை அறிந்த மூத்தவர்களின் வாக்குமூலம் ஆகியவை உதவும். அந்த மூத்தவர்கள் இப்போது மிக வயதானவர்கள். ஆதலால் உத்தியோகத்தர்கள் ஊருக்கே வந்து அலுவல் பார்க்கும் அடுத்த நடமாடும் சேவை நடக்கும் நாளைக் கிராம அலுவலரிடம் கேட்டறிந்து, அவர்களில் ஒருவரையாவது உடன் அழைத்துச் செல்லுங்கள்.