தடிமன் ஏன் முட்டாக மாறுகிறது? மாரிகாலக் கேள்வி பதில்

மாரி தொடங்கியதிலிருந்து வருகிற கேள்விகளில் பாதிக்கு மேல் தடிமனையும் முட்டு (ஆஸ்துமா) வருத்தத்தையும் பற்றியவைதான். மார்பு நோய் கிளினிக்கில் நீண்ட காலம் தாதியாக இருந்தவள் என்ற முறையில், தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்தின் அளவை மட்டும் உங்கள் டொக்டரிடமே கேளுங்கள்.

ஆரையம்பதியிலிருந்து ஒரு தாய்: மிஸ், மகனுக்கு ஏழு வயது. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தடிமன் வந்து நாலைந்து நாளில் போய்விட்டது. இவனுக்கு மட்டும் இரவில் இழுக்கிறது. இவனுக்கு வந்தது வேறு கிருமியா?

அதே கிருமிதான், தங்கச்சி. தடிமனைக் கொண்டு வருவது பெரும்பாலும் ரைனோ வைரஸ். அதில் 160க்கு மேற்பட்ட வகைகள் இருப்பதால்தான் ஆண்டுக்குப் பலமுறை தடிமன் வருகிறது. இங்கிலாந்தில் 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் செய்து 1995இல் வெளியான ஆய்வு ஒன்றில், முட்டு கூடிய நேரங்களில் 80 முதல் 85 வீதமானவற்றில் ஏதோ ஒரு வைரஸ் அகப்பட்டது. அவற்றில் அதிகம் இருந்ததும் இதுதான்.

வித்தியாசம் உங்கள் மகனின் மூச்சுக்குழாய்ச் சுவரில் இருக்கிறது. அந்தச் சுவரின் உட்புறத்தில் கலங்கள் நெருக்கமாகப் பின்னிய கிடுகு வேலி மாதிரி நிற்கும். முட்டு உள்ளவர்களுக்கு அந்தப் பின்னல் முன்பே கொஞ்சம் தளர்ந்திருக்கும். ரைனோ வைரஸில் பெரும்பாலான வகைகள் கலத்தின் மேலுள்ள ஐகாம்-1 என்ற புரதத்தைப் பிடித்துத்தான் உள்ளே போகின்றன. ஒவ்வாமையால் சுவர் அழன்றிருந்தால் அந்தப் புரதம் கூடுதலாக முளைக்கும். அதாவது கிருமிக்குக் கைப்பிடிகள் அதிகம்.

கிருமி புகுந்த கலம் சும்மா இருக்காது. இன்டர்பெரோன் என்ற பொருளைச் சுரந்து பக்கத்துக் கலங்களை உஷார்ப்படுத்தும். முட்டு உள்ளவர்களின் கலங்களில் இது குறைவாகச் சுரப்பதாக 2005இல் ஓர் ஆய்வு காட்டியது. பின்னர் வந்த ஆய்வுகளில் சில அதோடு ஒத்துப்போகவில்லை. ஆனால் அடுத்த கட்டம் தெளிவாகத் தெரிகிறது. அதே கலங்கள் ஐஎல்-33, ஐஎல்-25, டிஎஸ்எல்பி என்ற அபாயச் சமிக்ஞைகளை அளவுக்கு மீறி அனுப்புகின்றன. அதைக் கேட்டு இயோசினோபில் என்ற வெண்கலங்கள் வந்து குவிகின்றன. சுவர் வீங்குகிறது, சளி கட்டியாகிறது, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. இன்புளுவன்சா மாதிரி ரைனோ வைரஸ் கலங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்வதில்லை. பிள்ளையை இழுக்க வைப்பது பெரும்பாலும் உடல் காட்டும் அந்த மிதமிஞ்சிய எதிர்ப்புத்தான்.

கல்முனையிலிருந்து ஓர் உயர்தர மாணவர்: ரைனோ வைரஸ் 33 பாகையில்தான் நன்றாக வளரும், நெஞ்சுச் சூட்டில் வளராது என்று படித்தேன். சரியா?

முன்பு அப்படித்தான் நினைத்தார்கள், தம்பி. ஆனால் நாம் இழுக்கிற காற்றால் பெரிய மூச்சுக்குழாய்கள் 37 பாகையை விடச் சற்றுக் குளிர்ந்தே இருக்கும். விருப்பத்தோடு வந்தவர்களுக்குத் தடிமன் கொடுத்துப் பார்த்த பரிசோதனைகளில் கிருமி அங்கேயும் இருந்தது. ரைனோ வைரஸில் 2006இல் கண்டுபிடித்த சி இன வகைகள் சூட்டைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. அவை பற்றிக்கொள்ளும் புரதம் வேறு, சிடிஎச்ஆர்3 என்று பெயர். அந்தப் புரதத்துக்கான மரபணுவின் ஒரு வடிவம் உள்ள பிள்ளைகளுக்குக் கடும் முட்டு வரும் வாய்ப்புக் கூட.

களுவாஞ்சிக்குடி: தடிமன் வந்த அன்றே அன்டிபயோட்டிக் கொடுத்தால் முட்டு வராமல் தடுக்கலாமா?

முடியாது. அது பக்டீரியாவுக்கான மருந்து, தடிமன் வைரஸால் வருவது.

அக்கரைப்பற்று: மல்லித்தண்ணி, ஆவி பிடிப்பது எல்லாம் உதவுமா?

இளஞ்சூடான மல்லித்தண்ணி தொண்டைக்கு இதம், தாராளமாகக் கொடுங்கள். ஆவி கிருமியைக் கொல்லாது. சுடுநீர்ச் சட்டி கவிழ்ந்து வெந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், சிறுவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம். தடிமன் நாட்களில் சாம்பிராணிப் புகையையும் நுளம்புத்திரியையும் நிறுத்தி, வலை கட்டிப் படுக்க வையுங்கள். அழன்ற சுவருக்குப் புகை இன்னோர் அடி.

திருக்கோவிலிலிருந்து ஒரு தகப்பன்: மகள் இப்போது சுகமாக இருக்கிறாள். தினமும் எடுக்கும் பம்பை (இன்ஹேலர்) நிறுத்திவிட்டு, தடிமன் வந்தால் மட்டும் தொடங்கலாமா?

ஐயா, இந்த ஒரு விஷயத்தை எல்லோரும் கவனிக்க வேண்டும். தினமும் எடுக்கும் ஸ்டீரொயிட் பம்ப் சுவரின் அழற்சியை மெல்ல மெல்ல அடக்குவது. முழுப் பலன் கிடைக்கக் கிழமைகள் ஆகும். தடிமனோ ஓரிரு நாளில் வந்துவிடும். மூக்கு ஒழுகும்போது தொடங்கினால் மருந்து பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கும். வெயில் காலம் முழுக்கப் பம்ப் அலுமாரிக்குள் கிடந்து, மார்கழியில் பிள்ளை வார்ட்டுக்கு வந்ததை எத்தனையோ முறை பார்த்து மனம் நொந்திருக்கிறேன். பயப்பட வேண்டாம், மூச்சோடு எடுக்கும் மருந்தின் அளவு மிகக் குறைவு. எடுத்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். குறைப்பதென்றால் கிளினிக்கில் கேட்டுக் குறைப்போம்.

பம்புக்கும் வாய்க்கும் இடையில் வைக்கும் ஸ்பேசர் என்ற குழாய் இல்லையென்றால் 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் பம்பின் வாய் அளவுக்கு ஓட்டை போட்டு, இடைவெளியை இறுக்கி ஒட்டிப் பாவிக்கலாம். தென்னாபிரிக்காவில் முட்டு வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, வேலை செய்கிறது என்று 1999இல் வெளியிட்டார்கள்.

கொக்கட்டிச்சோலை: எந்தக் கட்டத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்?

ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாவிட்டால், மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளின் இடை உள்ளே குழிந்தால், உதடு நீலமானால், இழுப்பை உடனே தணிக்கும் சல்பியூட்டமோல் பம்ப் எடுத்தும் குறையாவிட்டால், அல்லது நான்கு மணித்தியாலத்துக்குள் திரும்ப வந்தால் உடனே புறப்படுங்கள். வழியிலும் அந்தப் பம்பைக் கொடுத்துக்கொண்டே போகலாம். உங்கள் படுவான்கரைப் பக்கம் மழை கூடினால் பாதை மூடிவிடும், முட்டும் பின்னிரவில்தான் கூடும். பின்னேரமே இழுப்புக் கூடி வருவது தெரிந்தால் இருட்ட முதல் வெளிக்கிடுங்கள்.