ஸ்கை தீவைக் காரில் பார்க்க எத்தனை நாள் வேண்டும்?

கேள்வி: லண்டனில் இருக்கிறோம். செப்டம்பர் நடுவில் ஐந்து நாள் விடுமுறை. முழங்கால் வலி உள்ள 68 வயது அம்மா, ஒன்பது வயது மகள், சென்னையிலிருந்து வரும் தம்பி ஆகியோரோடு ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுக்குப் போக ஆசை. தீவின் நீளமே 80 கி.மீ. தான் என்கிறார்கள். இரண்டு நாளில் சுற்றிவிட்டு, மீதி நாளில் எடின்பரோவும் பார்த்துவிடலாமா? ஒவ்வொரு இரவும் ஒவ்வோர் ஊரில் தங்குவது வசதியா? தம்பியிடம் இந்திய ஓட்டுநர் உரிமம்தான் இருக்கிறது. அவன் கார் ஓட்டலாமா?

பதில்: எடின்பரோவை இன்னொரு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கைக்கு மூன்று முழு நாள் கொடுங்கள். எல்லா இரவும் ஒரே வீட்டில் தங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

ஸ்கையைச் சுற்றி வர ஒரு சாலை கிடையாது. விரல்களை விரித்து வைத்த கை போன்ற தீவு அது. ட்ராட்டர்னிஷ், வாட்டர்னிஷ், டியூரினிஷ், மிங்கினிஷ், ஸ்லீட் என ஒவ்வொரு விரலும் கடலுக்குள் நீண்டிருக்கிறது. ஒரு விரல் நுனியிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால், உள்ளங்கைக்குத் திரும்பி வந்துதான் போக வேண்டும். அதனால் 80 கி.மீ. என்ற கணக்கு இங்கே உதவாது. போர்ட்ரீ ஊரிலிருந்து எல்கோல் கிராமத்துக்கு 65 கி.மீ. தான், ஆனால் போகவே ஒன்றரை மணி நேரம் ஆகும். நாளுக்கு ஒரு விரல் என்று வைத்துக்கொண்டால் பயணம் நிதானமாக அமையும்.

ஒரே வீட்டில் தங்கச் சொல்வதற்குக் காரணம் வானிலை. கேலிக் மொழியில் இந்தத் தீவுக்கு மூடுபனித் தீவு என்றே ஒரு பெயர் உண்டு. முதல் பயணத்தில் ஸ்டோர் மலை அடிவாரத்தில் ஒரு மணி நேரம் நின்றேன். எதிரில் 719 மீட்டர் மலை இருக்கிறது என்பதற்கு அடையாளமே இல்லை, வெள்ளைத் திரை மட்டும்தான். மறுநாள் காலையில் வானம் பளிச்சென்று இருந்தது. ஆனால் அன்றிரவுக்கு வேறிடத்தில் முன்பணம் கட்டியிருந்ததால் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. போர்ட்ரீயிலோ அதை ஒட்டியோ ஒரு வீடு எடுத்துவிட்டால், காலையில் ஜன்னலைத் திறந்து பார்த்து, எந்தப் பக்கம் வெளுத்திருக்கிறதோ அந்தப் பக்கம் போகலாம். சமையலறை உள்ள வீடாகப் பாருங்கள். இரவு எட்டரைக்கு மேல் பல உணவகங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். அரிசி, பருப்பு, ஊறுகாயை வழியில் வரும் இன்வெர்னஸ் நகரிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

லண்டனிலிருந்து காரிலேயே போனால் 1,000 கி.மீ.க்கு மேல். ஐந்து நாளில் இரண்டு நாள் அதிலேயே போய்விடும். லண்டன் யூஸ்டனிலிருந்து இன்வெர்னஸுக்குப் படுக்கை வசதியோடு இரவு ரயில் இருக்கிறது. ஏறிப் படுத்தால் காலையில் மலைநாட்டில் கண் விழிக்கலாம். சனிக்கிழமை இரவு மட்டும் ஓடாது. இன்வெர்னஸில் வாடகைக் கார் எடுத்தால் போர்ட்ரீக்கு சுமார் 185 கி.மீ., இரண்டரை மணி நேரம். நடுவில் ஐலியன் டோனன் கோட்டையில் நிறுத்துங்கள். 1719-ல் தகர்க்கப்பட்டு 1912-க்கும் 1932-க்கும் இடையில் மீண்டும் எழுப்பப்பட்ட கோட்டை. அம்மா காரை விட்டு அதிகம் நடக்காமலேயே நன்றாகப் பார்க்கலாம். அதைத் தாண்டினால் 1995-ல் திறந்த பாலம். சுங்கக் கட்டணம் 2004-லேயே எடுக்கப்பட்டுவிட்டது.

தம்பி ஓட்டலாம். செல்லுபடியாகும் இந்திய உரிமத்தோடு வருகிறவர் பிரிட்டனில் 12 மாதம் வரை கார் ஓட்டச் சட்டம் இடம் தருகிறது. நம் ஊரைப் போலவே இடப்பக்கம்தான். ஆனால் வாடகை நிறுவனத்துக்கு வயது, அனுபவம் என்று சொந்த நிபந்தனைகள் இருக்கும். அவர் பெயரைக் கூடுதல் ஓட்டுநராகப் பதிவு செய்யாவிட்டால் காப்பீடு நிற்காது. ஆட்டோமேடிக் கார் குறைவாகத்தான் கிடைக்கும், இப்போதே சொல்லி வையுங்கள். பெரிய வண்டி வேண்டாம். நான்கு பேருக்கும் பெட்டிகளுக்கும் இடம் இருக்கிற சின்னக் கார் போதும்.

சின்னக் கார் ஏன் என்பது பிரதான சாலையை விட்டு இறங்கிய உடனே புரியும். இரு பக்கமும் போக ஒரே தடம்தான். நூறு, இருநூறு மீட்டருக்கு ஒரு இடத்தில் சாலை கொஞ்சம் அகன்று, ‘பாஸிங் பிளேஸ்’ என்ற பலகை இருக்கும். எதிரே வண்டி வந்தால், அந்த இடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதில் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே சாலையிலேயே நில்லுங்கள், எதிரே வருகிறவர் உள்ளே நுழைந்து சுற்றிப் போவார். நீங்கள் வலப்பக்கம் ஏறக் கூடாது. மேடேறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள். பின்னால் உள்ளூர்க்காரர் அவசரமாக வந்தாலும் ஒதுங்கி, அவரை முன்னே அனுப்புங்கள். அவர் வேலைக்கோ மருத்துவரிடமோ போய்க்கொண்டிருப்பார். கடந்து போகும்போது ஸ்டீயரிங்கிலிருந்து விரலைத் தூக்கி நன்றி சொல்வது அங்கே வழக்கம். உங்கள் மகளுக்கு அந்த வேலையைக் கொடுத்துவிடலாம். ஒன்றே ஒன்றை மறக்காதீர்கள்: படம் எடுப்பதற்காக அந்த ஒதுங்கிடத்தில் காரை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். ஆம்புலன்ஸுக்கும் அது ஒன்றுதான் வழி. சட்டப்படி வேக வரம்பு மணிக்கு 60 மைல் என்றாலும் 30-ஐத் தாண்டத் தேவைப்படாது. தார்ச்சாலையில் ஆடுகள் படுத்துக் கிடக்கும்.

வானம் தெளிந்த நாளை ட்ராட்டர்னிஷுக்குக் கொடுங்கள். போர்ட்ரீயில் கிளம்பி, ஸ்டாஃபின், யூக் வழியாகத் திரும்பினால் சுமார் 80 கி.மீ. சுற்று. தீவில் சுற்றாக வரக்கூடிய அழகான வழி இதுதான். சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பாய்ந்து, மெத்தென்ற பழைய ஜுராசிக் பாறைகளின் மேல் உறைந்தது. கீழே இருக்கிற பாறையால் மேலே இருக்கிற கனத்தைத் தாங்க முடியவில்லை. மலையே வழுக்கிச் சரிந்தது. ஸ்டோரில் ஒற்றையாக நிற்கிற கல்தூணும், குவிராங் மலைச்சரிவில் இடிந்த கோட்டை மதில்போல் நிற்கும் பாறைகளும் அப்படி வந்தவை. குவிராங் இன்னும் நகர்கிறது. அதன் அடிவாரத்துச் சாலையை அடிக்கடி செப்பனிட வேண்டியிருக்கிறது.

ஸ்டோர் தூண் வரை ஏற்றம் செங்குத்து. நீங்களும் மகளும் ஏறுங்கள், அம்மாவுக்குத் தம்பி துணை இருக்கட்டும். குவிராங்கில் அம்மாவுக்குக் குறையே இருக்காது. ஸ்டாஃபினிலிருந்து மேலே ஏறும் சாலையின் உச்சியில் கார் நிறுத்துமிடத்தில் நின்றாலே முழுச் சரிவும் கண் முன்னே விரியும். கதவைத் திறக்கும்போது மட்டும் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். காற்று கதவைப் பிடுங்கிக்கொண்டு போகும். கில்ட் ராக் காட்சிமுனையும் சாலையோரம்தான். கீழே அலை விலகியிருக்கும் நேரத்தில் ஸ்டாஃபின் கடற்கரைப் பாறையில் டைனோசர் கால்தடம் தெரியும், மகள் மறக்க மாட்டாள்.

மேகம் தாழ்ந்த நாளில் டன்வீகன் கோட்டை, தோட்டம் என்று மேற்கே போங்கள். நீஸ்ட் பாயின்ட் கலங்கரை விளக்கத்தை மேலிருந்தே பார்க்கலாம். இறங்கினால் திரும்பி ஏறுவது முழங்காலுக்கு ஆகாது. மூன்றாம் நாள் ஸ்லிகஹன் பழைய பாலத்திலிருந்து கூலின் மலைகளைப் பார்த்துவிட்டு எல்கோலுக்கு.

நான் விடாமல் போகிற ஒரு இடத்தைப் பெரும்பாலானோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். போர்ட்ரீக்குத் தெற்கே பிரேஸ் என்ற சிற்றூர். 1882 ஏப்ரலில், மேய்ச்சல் நிலத்தைப் பறித்த நிலக்கிழாருக்கு வாடகை தர மறுத்த குடியானவர்களைப் பிடிக்க கிளாஸ்கோவிலிருந்து சுமார் 50 போலீசார் வந்தார்கள். பெண்கள் முன்னே நின்று கல்லால் அடித்தார்கள். அதன் பிறகு விசாரணைக் குழு அமைந்து, 1886-ல் குடியானவருக்கு நில உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சாலையோரம் கல் அடுக்கி நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். ஸ்கையின் புல்வெளிகள் ஏன் இவ்வளவு ஆளரவமற்றுக் கிடக்கின்றன என்பதற்குப் பாதி விடை அங்கே இருக்கிறது.

செப்டம்பரில் மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி குறைந்திருக்கும், அடியோடு போயிருக்காது. காற்று நின்ற மாலையில் வெளியே உட்காராதீர்கள். பெட்ரோலை போர்ட்ரீயிலோ பிராட்ஃபோர்டிலோ நிரப்பிக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது பாலத்தை விட்டுவிட்டு, கைல்ரியாவிலிருந்து கிளெனெல்க் கரைக்குப் போகும் சிறு படகைப் பிடியுங்கள். ஆறு கார்தான் கொள்ளும். காரை ஓரத்திலிருந்து மேல்தளத்தில் ஏற்றியதும், பணியாளர்கள் தோள் கொடுத்துத் தளத்தையே கையால் சுழற்றி, காரை நேராக்குவார்கள். 1969-ல் கட்டிய படகு, இன்று அந்த ஊர் மக்களுடையது. ஐந்து நிமிடத்தில் அக்கரை. அந்தக் காலத்தில் மாடுகளை ஒன்றன் வாலில் இன்னொன்றைக் கட்டி இதே நீரில் நீந்தவிட்டுச் சந்தைக்கு ஓட்டிப் போனார்கள். ஈஸ்டரிலிருந்து அக்டோபர் வரைதான் ஓடும், காற்று பலமென்றால் நின்றுவிடும். அதனால் அன்று காலையே விசாரித்துக்கொள்ளுங்கள். படகு இல்லையென்றால் பாலம் அரை மணி தூரத்தில் இருக்கிறது. இரவு ரயிலைத் தவறவிடாமல் இருக்க, மதியத்துக்குள் தீவை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.