செமிகண்டக்டர் படிப்பும் கெமிஸ்ட்ரிப் புத்தகமும்: தேவகோட்டை ஆச்சிக்கு ஒரு பதில்

ஆச்சி, போன சனிக்கிழமை நீங்களும் மகளும் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு என்னிடம் காரைக்குடிக்கு வந்திருந்தபோது வெளியே இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள். அவசரத்தில் பாதிதான் பேச முடிந்தது. கிளம்பும்போது வாசலில் நின்று நீங்கள் கேட்டது மனதிலேயே இருக்கிறது. "சோலார், டிவி திரை, சென்சார் எல்லாத்துக்கும் புதுப் பொருள் கண்டுபிடிக்கப் போறேங்கிறா. அப்படி ஒரு படிப்பு இருக்கா? இருந்தா சோறு போடுமா?" இரண்டுக்கும் பதில் எழுதுகிறேன். மகளிடமும் படிக்கக் கொடுங்கள்.

அவள் எதைப் பார்த்து ஆசைப்படுகிறாள் என்பது முதலில் உங்களுக்குப் புரிய வேண்டும். ஆத்தங்குடிக் கல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் வண்ணக் குழம்பை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துவார்கள். அப்புறம் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. பெரோவ்ஸ்கைட் என்கிற புதுவகைப் பொருளில் சோலார் செல் செய்வதும் ஏறக்குறைய அப்படித்தான். சின்னக் கண்ணாடித் துண்டை நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்று வேகத்தில் சுழலவிட்டு, மஞ்சள் நிறக் கரைசலைச் சொட்டுவார்கள். சுழலும்போதே இன்னொரு திரவத்தையும் விட்டு, எடுத்து 100 டிகிரி சூட்டுத் தட்டில் வைத்தால் மஞ்சள் மறைந்து கரும்பழுப்பாகப் படியும். அந்தப் படலம் தலைமுடிப் பருமனில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. உங்கள் மாடியில் இருக்கும் பேனலுக்கான சிலிக்கானை 1,414 டிகிரியில் உருக்கித்தான் படிகமாக வளர்க்க வேண்டும். மின்சாரச் செலவில் எவ்வளவு வித்தியாசம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

2009-ல் ஜப்பானில் மியாசாகா குழு இந்தப் பொருளை வைத்து முதலில் சோலார் செல் செய்தபோது, விழுந்த வெளிச்சத்தில் 3.8 சதவீதம்தான் மின்சாரமானது. இன்றைக்கு ஆய்வுக்கூடத்தில் 26 சதவீதத்தைத் தாண்டியாயிற்று. சிலிக்கானுக்கு மேல் இதை ஒரு அடுக்காகப் போட்டால் 34 சதவீதத்துக்கும் மேல் போகிறது. பதினைந்தே வருஷத்தில் இவ்வளவு தூரம் வந்த சோலார் பொருள் வேறு இல்லை.

அவள் சொன்ன மூன்றும் தனித்தனி விஷயம் இல்லை, ஆச்சி. வெளிச்சம் பட்டால் மின்சாரம் தருகிற அதே குடும்பத்துப் பொருளுக்கு நாம் மின்சாரம் கொடுத்தால் வெளிச்சம் தரும். அது டிவி திரைக்கு ஆகும். எவ்வளவு வெளிச்சம் பட்டது என்று அளந்து சொல்லவும் வைக்கலாம். கொரோனா சமயத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே ஆக்சிமீட்டர், அதற்குள் இருப்பது அந்த மாதிரி ஒளி உணரிதான்.

இவ்வளவு நல்ல பொருள் இன்னும் ஏன் எல்லார் வீட்டு மாடிக்கும் வரவில்லை? அதில் ஈயம் இருக்கிறது, தண்ணீரில் கரையக்கூடிய வடிவில். பேனல் உடைந்து மழைத்தண்ணீரோடு கண்மாயில் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? ஈயத்துக்குப் பதில் வெள்ளீயம் போட்டால் அது காற்றுப் பட்டதும் கெட்டுப்போகிறது. பிஸ்மத், ஆன்டிமனி போட்டுப் பார்க்கிறார்கள். விஷம் குறைவு, ஆனால் மின்சாரமும் குறைவு. தாமிரம், துத்தநாகம், வெள்ளீயம், கந்தகம் சேர்ந்த ஒரு கூட்டும் இருக்கிறது. எல்லாம் மலிவாகக் கிடைக்கிற சரக்கு, ஆனால் திறன் இன்னும் போதவில்லை. ஈரமும் சூடும் வேறு இந்தப் படலங்களை அரிக்கின்றன. சிலிக்கான் பேனலுக்கு 25 வருஷ உத்தரவாதம் தருகிறார்கள். நம் சித்திரை வெயிலில் இவை அத்தனை காலம் தாங்குமா என்பதுதான் கேள்வி. உங்கள் மகள் செய்யப் போகிற வேலை இங்கேதான் இருக்கிறது. கேட்கும்போது எனக்கே ஆசையாக இருக்கிறது.

சரி, படிப்புக்கு வருவோம். நீங்கள் கொண்டுவந்த விளம்பரத் தாள்களில் மூன்றில், இந்த மாதிரிப் பொருள்களுக்கெல்லாம் பொதுப்பெயரான செமிகண்டக்டர் என்ற சொல்லைப் பெரிதாகப் போட்டிருந்தது. அந்த மூன்றுமே சிப்புக்குள் சர்க்யூட் எப்படி அமைப்பது என்று சொல்லித்தரும் எலக்ட்ரானிக்ஸ் படிப்புகள். நல்ல படிப்புதான், பெங்களூரில் வேலையும் உண்டு. ஆனால் புதுப் பொருள் செய்வது அதில் வராது. வீடு கட்ட பிளான் போடுகிறவர் வேறு, செங்கல் சுடுகிறவர் வேறு அல்லவா? இவள் செங்கல் சுட ஆசைப்படுகிறாள். அதற்கு வேண்டியது கெமிஸ்ட்ரியும் பிசிக்ஸும்.

சில வருஷம் முன்னால் என்னிடம் வந்த ஒரு பையன், நான் அழுத்திச் சொல்லாமல் விட்டதால், பெயர் கவர்ச்சியாக இருந்த ஒரு நானோ படிப்பில் சேர்ந்தான். அந்தக் கல்லூரியில் படலம் போடும் கருவி உறை பிரிக்காமல் கிடந்தது. அவன் பிறகு எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்குப் போகப் பார்த்தபோது அடிப்படைத் தகுதிக்கே பொருந்தவில்லை. அந்தப் பையனின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் இதை இவ்வளவு விரித்து எழுதுகிறேன்.

என் யோசனையைச் சொல்கிறேன். மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமான ஐசரின் நுழைவுத் தேர்வில் இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். கிடைக்காவிட்டால் ஆய்வகம் நன்றாக உள்ள ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியோ பிசிக்ஸோ. மூன்றாம் வருஷத்தில் ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. போகலாம். நாலு வருஷத்தில் சம்பாதித்தாக வேண்டும் என்றால் பொறியியலில் கெமிக்கல் அல்லது மெட்டீரியல்ஸ். இதற்கு வெளியூர்கூடப் போக வேண்டாம். காரைக்குடி காலேஜ் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது பார்க்கிற சிக்ரியிலேயே, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்திலேயே, அண்ணா பல்கலைக்கழக இணைப்பில் கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல் பி.டெக். இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்த இடம். டெல்லியிலிருந்தெல்லாம் பிள்ளைகள் தேடி வருகிறார்கள், நாம் மதில் சுவரைப் பார்த்துக்கொண்டே கடந்து போகிறோம்.

வேலை விஷயத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். திரை தயாரிக்கும் பெரிய ஆலைகள் சீனா, கொரியா, தைவானில்தான். அதை நம்பி இங்கே உட்கார வேண்டாம். சோலார் அப்படி இல்லை. திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டானில் டாடா ஆலை சிலிக்கான் செல் செய்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபர்ஸ்ட் சோலார் கண்ணாடிமேல் காட்மியம் டெல்லூரைடு படலம் போட்டே பேனல் செய்கிறது. படலம் போடத் தெரிந்த கெமிக்கல், மெட்டீரியல்ஸ் பிள்ளைகளுக்கு அங்கே இடம் உண்டு. ஆனால் புதுப் பொருளைத் தானே உருவாக்க வேண்டும் என்றால் பிஎச்.டி. வரை போயே ஆக வேண்டும். மூன்றும் இரண்டும் ஐந்தும் கூட்டினால் பத்து வருஷம்.

பத்து வருஷம் என்றதும் உங்கள் மனதில் என்ன ஓடும் என்று தெரியும். பணம், அப்புறம் கல்யாணம். முழுப் பத்து வருஷமும் நீங்கள் கட்டணம் கட்டப் போவதில்லை. நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகை வாங்கிவிட்டால் பிஎச்.டி.யின் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. ஆகவே உங்கள் கையிலிருந்து போவது முதல் ஐந்து வருஷச் செலவுதான். அதற்கு நகையை அடகு வைக்கவோ பெரிய கடன் வாங்கவோ வேண்டாம். அரசுக் கல்லூரியோ அரசு உதவி பெறும் கல்லூரியோ போதும். கல்யாணத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. பிஎச்.டி. படித்துக்கொண்டே கல்யாணம் செய்துகொண்ட பெண்களை எனக்குத் தெரியும், முடித்துவிட்டுச் செய்துகொண்டவர்களையும் தெரியும். அதை அவளோடு உட்கார்ந்து பேசுங்கள், அவளுக்காக நீங்களே முடிவு பண்ணிவிடாதீர்கள்.

ஒரு வேலை மட்டும் இந்த வாரம் செய்யச் சொல்லுங்கள். பள்ளிக் கெமிஸ்ட்ரி லேபில் சால்ட் அனாலிசிஸ், அதாவது கொடுத்த உப்பில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் சோதனை, செய்தபோது அவளுக்கு நேரம் போவதே தெரியாமல் இருந்ததா, கையைக் கழுவிவிட்டு ஓடத் தோன்றியதா என்று அவளையே எழுதித் தரச் சொல்லுங்கள், அரைப் பக்கம் போதும். ஒரே கரைசலை நாற்பது முறை சொட்டி நாற்பதும் கெட்டுப்போனாலும் நாற்பத்தொன்றாவதைச் சொட்டுகிறவர்களுக்கான வேலை இது. அந்தத் தாளோடு பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். அன்றைக்கு வேறு யாரையும் வரச் சொல்லவில்லை. விண்ணப்பக் கடைசித் தேதிகளையெல்லாம் ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறேன்.