நீலகிரி மார்ட்டின் எங்கே வாழ்கிறது, ஏன் அருகி வருகிறது?

நீலகிரி மார்ட்டின் என்பது நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்த சிறிய ஊனுண்ணி. எடை சுமார் 2 கிலோ. கரும்பழுப்பு உடல், நீண்ட வால். தொண்டையிலிருந்து நெஞ்சு வரை மஞ்சள் பூசியது போன்ற பளிச்சென்ற நிறம். ஒருமுறை பார்த்தால் மறக்காது. எலி, பறவை, பல்லி, தேன், பழம் என்று கிடைப்பதைத் தின்னும்.

உலகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும்தான் இது உண்டு: குடகு, நீலகிரி, ஆனைமலை, பெரியார், அகத்தியமலை. பெரும்பாலும் உயரமான சோலைக்காடுகளில், அதாவது மலைமேல் புல்வெளிகளுக்கு நடுவே உள்ள அடர்ந்த பசுமைக்காடுகளில்.

சரி, சிக்கல் எங்கே? இது மரத்துக்கு மரம் தாவி வாழும் விலங்கு. சோலைகளுக்கு நடுவே தேயிலைத் தோட்டமும் சாலையும் வந்துவிட்டால், பாலம் இடிந்த ஆற்றின் இரு கரை ஊர்கள் போல அங்கங்கே சிறு கூட்டங்கள் ஒதுங்கிவிடும். புது இணை கிடைக்காமல் மெல்ல நலியும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயுசிஎன்) பட்டியலில் இது ‘அழிவாய்ப்புள்ள இனம்’. சரணாலயம் அறிவிப்பது மட்டும் போதாது; சோலைகளை இணைக்கும் மரத்தொடர்களையும் காக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

பலர் இதை மரநாய் என்று நினைத்துவிடுகிறார்கள். மரநாய் இரவில் நடமாடும் வேறு குடும்பத்து விலங்கு, மார்ட்டின் பெரும்பாலும் பகலில்தான் இரை தேடும்.