வாசகர் கேள்வி–பதில்: ‘எங்கள் வேலை இல்லை’ என்று இரண்டு இடத்திலும் சொன்னால்?

கேள்வி: என் தம்பிக்கு 28 வயது, பிறவியிலேயே அறிவு வளர்ச்சிக் குறைபாடு. பேச்சு நாலைந்து வார்த்தைதான். சாதுவாக இருந்தவன் சில மாதமாக ராத்திரியில் கத்துகிறான், கன்னத்தில் அறைந்துகொள்கிறான். மனநல மருத்துவமனையில் ‘இது பிறவிக் குறைபாடு, நாங்கள் பார்ப்பதில்லை’ என்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் மையத்தில் ‘இது மனநோய், அங்கே போங்கள்’ என்கிறார்கள். எங்கள் கிராமத்திலிருந்து இரண்டுமே வெகுதூரம். என்ன செய்வது?

பதில்: பிறந்ததிலிருந்து இருக்கும் குறைபாடு சில மாதத்துக்கு முன்னால் திடீரென்று ஏன் கத்த வைக்க வேண்டும்? புதிதாக ஏதோ நடந்திருக்கிறது, அதைத்தான் தேட வேண்டும். எதைச் சொன்னாலும் ‘அந்தக் குறைபாட்டால்தான்’ என்று ஒதுக்கிவிடுவது பழைய வியாதி. ஸ்டீவன் ரீஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1982லேயே இதை எழுதிவிட்டார்கள். அதே மனநோய் அறிகுறிகள்தான், ஆனால் அந்த ஆளுக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடும் உண்டு என்று தெரிந்தால் நிபுணர்களே அறிகுறிகளைக் குறைத்து மதிப்பிட்டார்கள்.

கன்னத்தில் அறைகிறான் என்றதும் எனக்கு முதலில் பல்தான் ஞாபகம் வருகிறது, அடுத்து காது. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவன் வேறு எப்படித்தான் சொல்வான்? மலச்சிக்கல், படுத்தால் அதிகமாகும் நெஞ்செரிச்சல், வலிப்பு, தைராய்டு, சமீபத்தில் மாற்றிய மாத்திரை, இவை ஒவ்வொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் சாதாரண மருத்துவரே பெரும்பாலும் பார்த்துவிடலாம், தூரத்துப் பயணம் அப்புறம். வீட்டில் யாராவது இறந்தார்களா, தினமும் கூட இருந்தவர் யாராவது ஊரை விட்டுப் போனார்களா என்றும் யோசியுங்கள். கேட்கச் சங்கடமாக இருந்தாலும், யாராவது அவனைத் துன்புறுத்துகிறார்களா என்பதையும் விசாரியுங்கள்.

இதெல்லாம் இல்லை என்றானால் மனச்சோர்வோ பதற்றமோ இருக்கலாம். இப்படிப்பட்ட குறைபாடு உள்ளவர்களுக்கு மனநோய் மற்றவர்களைவிட அதிகமாகவே வருகிறது, ஆகவே ‘நாங்கள் பார்ப்பதில்லை’ என்பது பதிலே இல்லை. எப்போது கத்துகிறான், அதற்கு முன்னால் என்ன நடந்தது, தூக்கம், சாப்பாடு எப்படி என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், செல்போனில் வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி திருப்பி அனுப்பினால், காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். எழுதிக் கொடுக்க வேண்டும் என்றவுடன் பல பேருக்கு அது தங்கள் வேலை என்று ஞாபகம் வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. காரணம் தேடாமல், ஆளை அடக்கிவைக்க மட்டும் மாத்திரை தருவது எல்லா நாட்டிலும் நடக்கிறது. இங்கிலாந்தில் இதைக் குறைப்பதற்கென்றே 2016ல் ஸ்டாம்ப் (STOMP) என்ற அரசு மருத்துவத் துறைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. ‘இது எந்த நோய்க்கு, எப்போது குறைத்துப் பார்ப்போம்’ என்று மருத்துவரிடம் தாராளமாகக் கேளுங்கள். ஏற்கெனவே ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறான் என்றால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் பகுதிக்கு மனநல மருத்துவர் எப்போதாவதுதான் வருகிறார். இடையில் வீட்டுக்கு வந்து பேசுவது உள்ளூர்ப் பெண் ஒருவர், கொஞ்ச நாள் பயிற்சிதான். பிரசவத்துக்குப் பிறகு என் மனைவி மிகவும் சோர்ந்திருக்கிறாள். இவரை நம்பலாமா?

பதில்: நம்பலாம். பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில், உளவியல் படிக்காத பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுள்ள தாய்மார்களின் வீட்டுக்கே அனுப்பிப் பேச வைத்தார்கள். அந்த ஆய்வு 2008ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. குழந்தைக்கு 6 மாதம் ஆனபோது, இப்படிப் பேசிய குழுவில் 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு நீடித்தது, இந்தப் பயிற்சி இல்லாத பணியாளர்கள் போய்வந்த குழுவில் 53 சதவீதம். ஆனால் சாக வேண்டும் என்றோ குழந்தையைப் பற்றி விபரீதமாகவோ பேசினால், இல்லாத குரல் கேட்கிறது என்றால், அவளைத் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: மகனுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது, பேசவில்லை, எதையும் விரலால் சுட்டிக் காட்டுவதும் இல்லை. ‘ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்’ என்கிறார்கள் பெரியவர்கள். காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம். பேச்சைவிட அந்தச் சுட்டிக் காட்டாததுதான் எனக்குக் கவலை. முதலில் காது கேட்கும் பரிசோதனை, கூடவே வளர்ச்சிப் பரிசோதனை. நிபுணரைப் பார்க்க நாளாகும் என்றால் அதுவரை சும்மா இருக்காதீர்கள். வளர்ச்சித் தாமதம் உள்ள 2 முதல் 9 வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்காக உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பயிற்சி ஒன்று இருக்கிறது, அதில் சேர நோயின் பெயர் முடிவாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. வீட்டிலேயே தொடங்கலாம்: அவன் எதைப் பார்க்கிறானோ அதையே நீங்களும் பாருங்கள், அதன் பெயரை ஒரே வார்த்தையில் சொல்லுங்கள், அப்புறம் கொஞ்சம் பொறுத்து அவன் முகத்தைப் பாருங்கள். செல்போனை ஓரமாக வைத்துவிட்டு, குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் இதைச் செய்தாலே போதும்.